ஏசி ஓடினால் காருக்குள் தண்ணீர்: டேஷ்போர்டை இறக்கத்தான் வேண்டுமா?

பெருங்களத்தூர்_ஹேட்ச்

வணக்கம் நண்பர்களே. ஏழு வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். தினமும் பெருங்களத்தூரிலிருந்து சோழிங்கநல்லூர் போய் வர வேண்டும், ஏசி இல்லாமல் முடியாது. கொஞ்ச நாளாக, ஏசி போட்டு அரை மணி நேரம் ஓடியதும் முன்னால் இடப்பக்க சீட்டில் கால் வைக்கும் இடம் நனைந்துவிடுகிறது. பையன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பான் என்று முதலில் விட்டுவிட்டோம். இப்போது டேஷ்போர்டுக்குள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தமே கேட்கிறது. நேற்று மேடவாக்கத்தில் வலது பக்கம் திரும்பியபோது க்ளவ் பாக்ஸுக்கு அடியிலிருந்து ஒரு டம்ளர் அளவுக்கு என் மனைவியின் காலில் கொட்டியது.

கூலிங்கில் ஒரு குறையும் இல்லை. கதவைத் திறந்ததும் ஈர வாடை மட்டும் முகத்தில் அடிக்கிறது.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்காமல், "கூலிங் காயில் லீக் சார். டேஷ்போர்டை இறக்கி காயில் மாற்றணும். 18,000 ரூபாய் ஆகும், வண்டியை ரெண்டு நாள் விடுங்க" என்றார்கள். தெரு முனையில் இருக்கிற பட்டறையில் கேட்டால், கேஸ் குறைந்திருக்கும், கேஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். இரண்டில் எதை நம்புவது? டேஷ்போர்டை ஒருமுறை இறக்கிய வண்டியில் அப்புறம் கடகட சத்தம் ஓயாது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அதுதான் யோசனையாக இருக்கிறது.

காயில்_கடை (திருப்பூர்)

தம்பி, காசு எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கார் ஏசி வேலையிலேயே முடி நரைத்தவன் சொல்கிறேன்.

காயில் என்பது டேஷ்போர்டுக்குள்ளே காற்றைக் குளிரவைக்கிற பகுதி. காயில் லீக் என்றால் அதற்குள்ளே ஓடுகிற கேஸ் வெளியே போகிறது என்று அர்த்தம். கேஸ் போனால் கூலிங் குறையும். நாளுக்கு நாள் குறைந்து கடைசியில் வெறும் காற்றுதான் வரும். காயில் லீக்கில் தண்ணீர் கொட்டாது, ஏனென்றால் காயிலுக்குள்ளே தண்ணீரே கிடையாது. உள்ளே ஓடுவது ஆர்134ஏ கேஸும் கொஞ்சம் கம்ப்ரசர் ஆயிலும்தான். உங்கள் வண்டியில் கூலிங் நன்றாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் வருகிறது. அப்படியென்றால் காயில் ஒழுங்காக வேலை செய்கிறது. காற்றிலிருந்து அது பிழிந்து போடுகிற தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை, அவ்வளவுதான்.

காயிலுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அதிலிருந்து ஒரு ட்ரெயின் பைப் ஃபயர்வாலை, அதாவது என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டுத் தடுப்பைத் துளைத்து என்ஜின் பக்கம் வந்து, கீழே ரோட்டில் சொட்டும். அது அடைத்திருக்கும், அல்லது உள்ளே கழன்றிருக்கும். நாளைக்கு ஒன்று செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஏசியை முழுசாக வைத்து, இருபது நிமிடம் ஐடிலில் விடுங்கள். திறந்த இடத்தில் செய்யுங்கள், மூடின கராஜுக்குள் என்ஜினை ஓடவிட வேண்டாம். அப்புறம் குனிந்து பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால், நடுவிலிருந்து இடப்பக்கம் சாய்ந்த மாதிரி, தரையில் தண்ணீர் தேங்க வேண்டும். ஈரமே இல்லையென்றால் விஷயம் முடிந்தது, அடைப்பு அல்லது கழன்ற பைப்தான்.

ஈரப்பதம்_கோவை

ஐயா சொல்வதுதான் சரி. எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பலரும் இதை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சென்னையில் 33 டிகிரி வெயில், ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம் நீராவி இருக்கும். காயிலைத் தொட்டு 8 டிகிரிக்கு இறங்கிய காற்றால் 8 கிராம்தான் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். மீதி 16, 17 கிராம் காயிலின் தகடுகளில் துளியாகப் படிந்து கீழே இறங்கிவிடும். வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வைத்து, மணிக்கு 100 கன மீட்டர் காற்று போகிறது என்றால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர். ப்ளோயரைக் கூட்டினால் இன்னும் அதிகம். ஒரு மணி நேர டிராஃபிக்கில் இவ்வளவும் அந்தச் சின்ன பைப் வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும்.

உள்காற்றே சுற்றுகிற மாதிரி வைத்தால் இது வெகுவாகக் குறையும். உள்ளே இருக்கிற காற்று கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், பிறகு நாம் மூச்சு விடுகிற ஈரமும் கதவைத் திறந்தால் நுழைகிற ஈரமும்தான். சரிசெய்கிற வரை அப்படி ஓட்டினால் கார்ப்பெட்டாவது பிழைக்கும்.

நெல்லை_நாலுவழி

எனக்கும் இதே பிரச்சினை வந்தது. ஹைவேயில் பஞ்சர் கடையில் நிறுத்தி, கீழே இருந்து அந்த பைப்பில் ஏர் அடிக்கச் சொன்னேன். புஸ்ஸென்று எல்லாம் போய்விட்டது, இரண்டே நிமிடம். கூடவே பைப் நுனியில் தட்டையாக ஒரு ரப்பர் வாய் இருந்தது, தண்ணீரை அதுதான் மறிக்கிறது என்று பிளேடால் வெட்டி எடுத்துவிட்டோம். அதற்கப்புறம் தொல்லை இல்லை.

காயில்_கடை (திருப்பூர்)

உங்களுக்குச் சரியாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் இந்த இரண்டு வேலையையும் மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சர் கடை கம்ப்ரசரில் 100 பிஎஸ்ஐக்குக் குறையாமல் ஏர் இருக்கும். அதைக் கீழேயிருந்து அடித்தால் அழுக்கு எங்கே போகும்? மேலே, காயிலுக்குத்தான். வெளியே வந்தது கொஞ்சம், உள்ளே தெறித்தது மிச்சம். அதைவிட மோசம், சில வண்டிகளில் அந்த பைப் உள்பக்கம் வெறுமனே சொருகித்தான் இருக்கும். கிளாம்ப், ஸ்க்ரூ ஒன்றும் கிடையாது. ஏர் அடித்த வேகத்தில் அது பிடுங்கிக்கொண்டுவிடும். அப்புறம் அடைப்பு இல்லாவிட்டாலும் தண்ணீர் கேபினுக்குள்தான் விழும். ஏர் அடித்த அன்றிலிருந்து முன்னைவிட அதிகமாகக் கொட்டுகிறது என்று வருகிற வண்டிகள் எல்லாம் இந்த ரகம்தான்.

அடுத்தது ரப்பர் வாய். அதை வாத்து மூக்கு என்று சொல்வோம். தண்ணீர் கனத்தால் திறக்கும், மற்ற நேரம் மூடிக்கொள்ளும். பூச்சி, தூசி, மழைக்காலத்தில் ரோட்டுத் தண்ணீர் எதுவும் உள்ளே ஏறக் கூடாது என்பதற்காக வைத்தது. அதில் சேறு கட்டி ஒட்டிக்கொள்வது உண்மைதான். இரண்டு விரலால் அமுக்கி, கசக்கி, கழுவிவிட்டால் போதும். வெட்டிவிட்டால் குளவிக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. மண் குழைத்து உள்ளே கூடு கட்டிவிடும். அந்த மண் காய்ந்து இறுகினால் எடுப்பது பெரும்பாடு.

சரி, எப்படிச் செய்வது? என்ஜின் ஆறட்டும். வண்டி மேடான ராம்ப்பிலோ, சர்வீஸ் பிட்டின் மேலோ நிற்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது, ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியில், ஏசியின் இரண்டு அலுமினியக் குழாய்கள் உள்ளே போகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, விரல் கனத்தில் ஒரு கருப்பு ரப்பர் முழங்கை எட்டிப் பார்க்கும். சில வண்டிகளில் பானட்டைத் திறந்தால் மேலிருந்தே தெரியும், சிலவற்றில் சைலன்சர் வெப்பத்தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஹீட்டர் ஹோஸ் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும், அவை தடிமனாக, கிளாம்ப் போட்டு இருக்கும். அவற்றில் கை வைக்க வேண்டாம்.

முதலில் வாத்து மூக்கைக் கசக்குங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும், தண்ணீர் கையில் கொட்டும். முகத்தை நேர் கீழே வைக்காதீர்கள். கொட்டவில்லையா, புல் வெட்டுகிற மெஷினில் போடுகிற நைலான் நரம்பு ஒரு சாண் எடுத்து, நுனியைத் தேய்த்து மழுங்கடித்து, மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி ஏற்றுங்கள். இரும்புக் கம்பி, ஹேங்கர் கம்பி, டெஸ்டர் எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது காகிதம் கனத்தில் அலுமினியத் தகடு. ஒரு குத்து விழுந்தால் அன்றைக்குத்தான் நிஜமாகவே காயில் மாற்ற வேண்டி வரும். அடைப்பு கெட்டியாக இருந்தால், தண்ணீரையும் உறிஞ்சுகிற வேக்கம் கிளீனரைக் கீழே வைத்து இழுங்கள். ஊதுவதைவிட உறிஞ்சுவது எப்போதும் நல்லது, வந்த வழியே அழுக்கு வெளியே போகும்.

ஷார்ஜாவாசி

இங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்க்கிற அளவுக்கு ஈரம். அதோடு மணல் தூசி. இரண்டும் சேர்ந்தால் ட்ரெயின் பைப்பில் சிமென்ட் மாதிரிதான். எங்கள் வண்டிகளில் ஸ்டீயரிங் இடப்பக்கம், அதனால் தண்ணீர் பெரும்பாலும் வலப்பக்கக் காலடியில் வரும். இங்கேயிருந்து படிக்கிறவர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பூச்சி அடைப்பதை யாரும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 2013 அக்டோபரில் டொயோட்டா அமெரிக்காவில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. கேம்ரி, அவலான், வென்சா வண்டிகள். காரணம் என்ன தெரியுமா? சிலந்திகள் ஏசி ட்ரெயின் பைப்பில் வலை கட்டிவிட, தண்ணீர் தேங்கி உள்ளே ஒழுகி, ஏர்பேக் கன்ட்ரோல் மாட்யூல் மேல் சொட்டி ஷார்ட் ஆக வாய்ப்பு இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் பக்கத்து ஏர்பேக் வெடித்துத் திறக்கலாம் என்பதுதான் அபாயம். ஒரு சிலந்தி வலையிலிருந்து அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அதனால் காலடி ஈரம்தானே, துண்டு போட்டுத் துடைத்துக்கொள்ளலாம் என்று மாசக்கணக்கில் ஓட்டாதீர்கள். நம் ஊர் வண்டிகளிலும் இடப்பக்கக் காலடியில், கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர் கட்டு ஓடுவது சகஜம்.

மாசிவீதி_அம்மா

நான் மதுரை. பெருங்களத்தூர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நைலான் நரம்பைத் தேடிப் போவதற்கு முன்னால், வருவது தண்ணீர்தானா என்று பாருங்கள்.

எங்கள் வண்டியிலும் இதே இடத்தில்தான் ஈரம். ஏசித் தண்ணீர் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் தொட்டால் விரலில் பிசுபிசுப்பு, ஒரு மாதிரி தித்திப்பான வாடை. காலையில் முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் தடவின மாதிரி படலம், துணியால் துடைத்தால் இழுவுகிறது. வெள்ளை டிஷ்யூ பேப்பரை அமுக்கி எடுத்துப் பார்த்தேன், இளம்பச்சையாக வந்தது. ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குச் சூடு கொடுக்கிற சின்ன ரேடியேட்டர், ஓட்டை. ரேடியேட்டர் கூலன்ட்தான் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்து குறியின் கீழே போயிருந்தது.

அது ஏசித் தண்ணீர் போல் அல்ல. பெரும்பாலான கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது, விஷம். தித்திப்பு வாடைக்கு நாய், பூனை நக்கிவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தவழ்ந்து விளையாடுகிற இடம் அது. கூலன்ட் குறைந்தபடியே ஓட்டினால் என்ஜினும் சூடாகும். அதனால் டிஷ்யூ பேப்பர் சோதனைதான் முதல் வேலை. நிறமில்லாமல், வாடையில்லாமல், வெறும் தண்ணீர் மாதிரி இருந்தால் நிம்மதியாக ட்ரெயின் பைப் பக்கம் போகலாம்.

காயில்_கடை (திருப்பூர்)

அம்மா சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டறையில் நாங்களும் முதலில் அதைத்தான் செய்வோம். ஒரே ஒரு சேர்க்கை. கூலன்ட் எல்லா வண்டியிலும் பச்சை இல்லை. சிவப்பு, ரோஸ், நீலமும் உண்டு. உங்கள் டப்பாவில் இருக்கிற நிறத்தோடு ஒத்துப் பாருங்கள்.

பெருங்களத்தூர்_ஹேட்ச்

எல்லோருக்கும் நன்றி. டிஷ்யூ சோதனை செய்தேன். சுத்தமான தண்ணீர், நிறம், வாடை எதுவும் இல்லை. ஐயா சொன்னபடி இருபது நிமிடம் ஏசி போட்டு நிறுத்தியதில் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நண்பர் ஒருவர் கடையில் பிட் இருக்கிறது, அங்கே கொண்டுபோனோம்.

ரப்பர் முழங்கை ஐயா சொன்ன இடத்திலேயே இருந்தது. நுனி உதடுகள் இரண்டும் ஒட்டி, நடுவில் கருப்பாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. கசக்கியதும் முதலில் நத்தை ஊர்கிற மாதிரி ஒரு கருப்புக் கூழ் மெல்ல இறங்கியது. ஒரு விரல் நீளம் வந்ததும் அப்படியே அறுந்து விழுந்தது. அடுத்த நொடி தண்ணீர் பீய்ச்சி அடித்து நண்பருடைய சட்டை முழுக்க நனைந்துவிட்டது. முதலில் தேநீர் நிறம், அப்புறம் கலங்கல், கடைசியில் தெளிவு. ஒரு சொம்புக்குக் குறையாது. அந்தக் கூழை ஒரு தகரத்தில் போட்டுக் கலைத்துப் பார்த்தோம். நுண்ணிய மண், நூல் பிசிறு, அதோடு காய்ந்த புங்கம்பூ. எங்கள் தெருவில் வண்டி நிற்பது புங்க மரத்தின் கீழேதான்.

பூ எப்படிக் காயில் வரைக்கும் போனது என்று க்ளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், கேபின் ஃபில்டர் வைக்கிற இடம் காலி. மூடி மட்டும் இருக்கிறது. கம்பெனியிலேயே ஃபில்டர் இல்லாமல் வந்த வேரியன்ட் போலிருக்கிறது. ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன், 350 ரூபாய்.

இப்போது வண்டிக்கு அடியில் நன்றாகச் சொட்டுகிறது. உள்ளே புதுத் தண்ணீர் வரவில்லை. ஆனால் வாடை போகவில்லை. மேலே 7டி மேட் போட்டிருக்கிறேன், அது காய்ந்துதான் இருக்கிறது.

காயில்_கடை (திருப்பூர்)

18,000 ரூபாய் மிச்சம். ஆனால் இனிமேல்தான் வேலை இருக்கிறது தம்பி, பாதிப்பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

அந்த 7டி மேட்டை இன்றைக்கே எடுங்கள். அது மேலே காய்ந்திருப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. தோல் மாதிரி மூடிக்கொண்டு கீழே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது. மேட்டுக்கு அடியில் கம்பெனி கார்ப்பெட், அதற்கும் அடியில் சத்தம் வராமல் இருக்க இரண்டு விரல் கனத்துக்கு ஃபோமோ, பழைய துணியை அமுக்கிச் செய்த ஃபெல்ட்டோ இருக்கும். தண்ணீரெல்லாம் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதுதான். கார்ப்பெட்டைக் கைமுஷ்டியால் பலமாக அமுக்கிப் பாருங்கள். முஷ்டியைச் சுற்றித் தண்ணீர் மேலே வரும்.

கதவு வாசலில் இருக்கிற பிளாஸ்டிக் பட்டையை மேல்நோக்கி இழுத்தால் கிளிப் விட்டுவிடும். பக்கவாட்டு டிரிம்மையும் எடுங்கள். இப்போது கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி அடியில் ஒரு மரக்கட்டையோ, பழைய டப்பாவோ கொடுத்து நிறுத்திவையுங்கள். ஃபோமைப் பிழியுங்கள், பழைய டவல்களை வைத்து மிதித்து ஒற்றி எடுங்கள், வேக்கம் இருந்தால் உறிஞ்சுங்கள். அப்புறம் வீட்டு டேபிள் ஃபேனைக் கதவருகே வைத்து அந்த இடைவெளிக்குள் காற்று போகிற மாதிரி ஒரு பகல், ஒரு இரவு ஓடவிடுங்கள். வெயில் இருந்தால் நான்கு கதவும் திறந்து கிடக்கட்டும். கண்ணாடியை ஏற்றி வெயிலில் விட்டால் காய்ந்துவிடும் என்பார்கள். அது வேகும், காயாது. ஈரம் போக வழி வேண்டும்.

ஈரம் பின் சீட் வரை போயிருந்தால் முன் சீட்டைக் கழற்றுவதுதான் முறை. அங்கே ஒரு எச்சரிக்கை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, அப்புறம்தான் அதைப் பிரிக்க வேண்டும். பிரித்து வைத்த நிலையில் சாவியைப் போட்டு ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்து, ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் ஒரு சீட் வேலைக்காரரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கார்ப்பெட்டைத் தூக்கியபோது தரைத் தகட்டில் பெயின்ட் உப்பியிருக்கிறதா, ஒயர் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை இருந்தால் எலக்ட்ரிகல் ஸ்ப்ரே போட்டுத் துடைத்துவிடுங்கள். இப்போது ஐந்து நிமிட வேலை. விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்துப் பவர் விண்டோ ஏன் ஏறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

ஈரப்பதம்_கோவை

வாடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் தேங்கியே கிடந்ததில் காயில் தகடுகளிலும் பூஞ்சை பிடித்திருக்கும். புது ஃபில்டரைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, காயிலுக்கென்றே விற்கிற நுரை கிளீனரை அந்த வழியாக அடித்து, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் வரை பொறுத்தால், அழுக்கோடு கீழே ட்ரெயின் வழியாக வந்துவிடும். ட்ரெயின் திறந்திருக்கிறது என்று உறுதியான பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நுரையும் கார்ப்பெட்டில்தான் இறங்கும்.

தினசரிப் பழக்கம் ஒன்று. வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்கள். காயில் கொஞ்சம் உலர்ந்து தூங்கப் போகும். செலவே இல்லாத வைத்தியம்.

ஓசூர்_டாக்ஸி

என் கேள்வி கொஞ்சம் வேறு. போன மாதம் ஏசியில் எக்ஸ்பான்ஷன் வால்வு மாற்றினார்கள். கூலிங் அருமை. வண்டிக்கு அடியிலும் நன்றாகத் தண்ணீர் சொட்டுகிறது, அதனால் ட்ரெயின் அடைப்பு இல்லை. ஆனாலும் ஆக்சிலேட்டர் பக்கம் இல்லாமல் நடுக் கன்சோலை ஒட்டி இடப்பக்கம் சொட்டுச் சொட்டாக ஈரம். நாள் முழுக்க ஏசி ஓடுகிற வண்டி. பட்டறையில் போய்க் கேட்டால் அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள்.

காயில்_கடை (திருப்பூர்)

சம்பந்தம் இருக்கிறது. வால்வு மாற்றும்போது பழைய இன்சுலேஷனைப் பிய்த்திருப்பார்கள், திரும்பச் சுற்றவில்லை.

வால்வும் அதிலிருந்து திரும்பிப் போகிற தடித்த குழாயும் ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கும். குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோல அதுவும் வேர்க்கும். அந்த வேர்வை காயில் பெட்டிக்கு வெளியே உண்டாவதால் ட்ரெயின் தட்டில் விழாது, நேரே கார்ப்பெட்டில்தான் விழும். ஏசி கடையில் கருப்பாக, களிமண் மாதிரி ஒட்டுகிற இன்சுலேஷன் டேப் கிடைக்கும். குழாயைத் துடைத்துக் காயவைத்து, உலோகம் வெளியே தெரியாமல் இரண்டு சுற்று அமுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். பெட்டிக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் இருக்கிற ஃபோம் வாஷர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது நழுவினாலும் இதே கதைதான்.

நாள் முழுக்க ஓடுகிற வண்டி என்பதால் இன்னொன்றும் கவனியுங்கள். நீண்ட தூரம் போகும்போது காற்றின் வேகம் தானாகக் குறைந்து, சாப்பிட நிறுத்திவிட்டு வந்தால் சரியாகி, கூடவே திடீரென்று நிறையத் தண்ணீர் வருகிறதா? அப்படியென்றால் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஃபில்டர் அடைத்திருக்கலாம், கேஸ் குறைவாக இருக்கலாம், காயில் குளிரைப் பார்க்கிற சென்சார் போயிருக்கலாம். மேலே முதல் பதிவில் பட்டறைக்காரர் கேஸ் என்று சொன்னது இந்த இடத்தில் மட்டும்தான் பொருந்தும். அதிலும் பிரஷர் பார்க்காமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள்.

ஓசூர்_டாக்ஸி

ஐஸ் இல்லை அண்ணா, காற்று ஒரே மாதிரிதான் வருகிறது. க்ளவ் பாக்ஸை எடுத்து டார்ச் அடித்தேன். குழாய் பளபளவென்று மொட்டையாக இருக்கிறது, அதன் வளைவில் துளி தொங்குகிறது. படம் எடுத்துப் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன், நாளை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நெல்லை_நாலுவழி

காயில்_கடை அண்ணன் சொன்னதற்கு அப்புறம் புது ரப்பர் முழங்கை ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். ஸ்பேர் கடையில் வண்டி மாடல் சொன்னால் கொடுக்கிறார்கள். வாய்க்கு நைலான் வலை கட்டலாமா, பூச்சி வராதே?

காயில்_கடை (திருப்பூர்)

நல்லது. வலை மட்டும் வேண்டாம். உள்ளேயிருந்து வருகிற தூசி அந்த வலையில் படிந்து புது அடைப்பு உண்டாகும். வாத்து மூக்கே போதும். கோடை ஆரம்பத்தில் ஒருமுறை, மழை முடிந்ததும் ஒருமுறை கசக்கிவிடுங்கள்.

நாகர்கோவில்_மழை

இழை முழுக்கப் படித்தேன். என் வண்டியில் ட்ரெயின் சுத்தம், ஃபில்டர் புதுசு, குழாயில் டேப் இருக்கிறது. அப்படியும் இடப்பக்கக் காலடி நனைகிறது. ஒன்று மட்டும் கவனித்தேன். வெயில் நாளில் எவ்வளவு ஏசி போட்டாலும் காய்ந்தே இருக்கிறது. இங்கே ஜூன் மழை பிடித்தால் ஏசி போடாமலே நனைகிறது.

மாசிவீதி_அம்மா

அப்படியென்றால் அது ஏசித் தண்ணீரே இல்லை தம்பி, மழைத் தண்ணீர். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

காயில்_கடை (திருப்பூர்)

ஆமாம். பானட்டைத் திறந்து, வைப்பர் அடியில் இருக்கிற கருப்பு பிளாஸ்டிக் தடுப்பைப் பாருங்கள். கண்ணாடியில் விழுகிற மழையெல்லாம் அதன் அடியில் இருக்கிற பள்ளத்தில் இறங்கி, இரண்டு ஓரத்து ஓட்டை வழியாகச் சக்கரத்துப் பக்கம் வெளியே போகும். இலை விழுந்து அந்த ஓட்டை மூடினால் பள்ளத்தில் தண்ணீர் ஏறும். ப்ளோயர் வெளிக்காற்றை இழுக்கிற வாயும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்ததும் நேரே ப்ளோயர் வழியாக உங்கள் காலடிக்கு இறங்கும். இடம் ஒன்றே என்பதால்தான் எல்லோரும் ஏசி என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு மக் தண்ணீரை அந்தப் பள்ளத்தில் மெதுவாக ஊற்றுங்கள். சக்கரத்துப் பின்னால் உடனே கொட்ட வேண்டும். தேங்கி நின்றால் வைப்பரையும் தடுப்பையும் கழற்றிக் கையாலேயே இலையை அள்ளுங்கள். ஹோஸ் வைத்துத் தள்ளிவிட வேண்டாம், ஓட்டைக்குள் போய் இன்னும் இறுகும். அங்கே சுத்தமாக இருந்தால் அடுத்து கதவு. உள் டிரிம்முக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட், ஸ்பீக்கர் மாற்றினவர்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருப்பார்கள். சன்ரூஃப் வண்டியென்றால் அதன் மூலைகளிலிருந்து தூண்களுக்குள் இறங்குகிற பைப்புகளையும் பார்க்க வேண்டும்.

ஹோஸ் வைத்துச் சோதிக்கும்போது கீழேயிருந்து மேலே போங்கள். முதலில் கதவின் கீழ்ப்பாதி, அப்புறம் கண்ணாடி ஓரம், அப்புறம் வைப்பர் பள்ளம், கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்த்துக்கொண்டிருக்கட்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் வழிந்து, எந்த வழியாக நுழைந்தது என்றே தெரியாது.

நாகர்கோவில்_மழை

வைப்பர் பள்ளம்தான். ரப்பர் தோட்டத்தை ஒட்டி வண்டியை நிறுத்துகிறேன், இடப்பக்க ஓட்டையில் இலை மக்கி எருவாகவே ஆகியிருந்தது, நடுவில் ஒரு செடி முளைத்திருக்கிறது. அள்ளிவிட்டு ஒரு வாளி ஊற்றினேன், சக்கரத்துப் பக்கம் தடையில்லாமல் இறங்குகிறது. கார்ப்பெட்டைத் தூக்கி ஃபேன் வைத்தாயிற்று. ப்ளோயரில் மட்டும் கரகரவென்று ஒரு சத்தம் இருக்கிறது, தண்ணீர் பட்டதாலா?

காயில்_கடை (திருப்பூர்)

இலைத் துண்டு விசிறிக்குள் போயிருக்கும், அல்லது புஷ்ஷில் துரு. க்ளவ் பாக்ஸுக்கு அடியில் மூன்று ஸ்க்ரூவும் ஒரு கனெக்டரும்தான் பெரும்பாலும், மோட்டார் கீழே இறங்கிவிடும். விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் சுற்றினால் துடைத்து மாட்டிவிடலாம், கரகரப்பு இருந்தால் மோட்டாரை மாற்றிவிடுங்கள். ஈரம் குடித்த ப்ளோயர் மோட்டார் அதிகக் கரன்ட் இழுத்து அதன் கனெக்டரை உருக்கிவிடும், கனெக்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.